எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் விதிகள்: வடிகட்டி கெட்டி, சொற்பட்டியல்தான் தலைவலி

மைக்ரோசாஃப்ட் 365-இல் அலுவலக மெயில் வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல் வடிகட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தனிக் கட்டணம் கிடையாது. 365-இன் மெயில் சேவைதான் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்; அதன் நிர்வாகப் பக்கமான எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் 'மெயில் ஃப்ளோ', அதற்குள் 'ரூல்ஸ்'. அவ்வளவுதான் வழி. ஆனால் பெரும்பாலான சிறு நிறுவனங்களில் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும். இல்லையென்றால், முன்பு வேலை பார்த்த அட்மின் எழுதிவிட்டுப் போன, இப்போது யாரும் தொடத் துணியாத ஏழெட்டு விதிகள் தூங்கும்.

முதலிலேயே கருத்தைச் சொல்லிவிடலாம். விதியை இயக்கும் பொறி நன்றாக இருக்கிறது, நம்பலாம். சொற்பட்டியலை வளர்த்து, திருத்தி, பராமரிக்கக் கொடுத்திருக்கும் வசதி மோசம். தானியங்கி அறிவிப்புகள் இரண்டுக்கும் நடுவில். கருவி போதுமானது, ஆனால் எந்த அறிவிப்பை யாருக்கு அனுப்புவது என்பதைத் தப்பாக முடிவு செய்தால் அதுவே புதுத் தொல்லையாகிவிடும்.

விதியின் அமைப்பு எளிது: நிபந்தனை, செயல், விதிவிலக்கு. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே நிபந்தனைக்குள் பத்துச் சொற்கள் போட்டால், அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். ஆனால் இரண்டு தனித்தனி நிபந்தனைகள் போட்டால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். விதிவிலக்குகளில் எது ஒன்று பொருந்தினாலும் விதி விலகிவிடும். "பொருள் வரியில் இன்வாய்ஸ் இருக்க வேண்டும், அனுப்பியவர் வெளியாள்" என்று இரண்டு நிபந்தனை வைப்பது சரி. "பொருள் வரியில் இன்வாய்ஸ்", "உடலில் இன்வாய்ஸ்" என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, ஒன்றில் இருந்தால் பிடிக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதற்கென்றே 'பொருள் அல்லது உடல்' என்று ஒரே நிபந்தனை தனியாக இருக்கிறது.

விதிகளின் வரிசை எண் பூஜ்யத்தில் தொடங்கும். சின்ன எண் முதலில் ஓடும். ஒரு விதியில் 'இதற்குமேல் விதிகளை ஓட்டாதே' என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால், கீழே உள்ளவை அந்த மெயிலைப் பார்க்கவே பார்க்காது. "புது விதி வேலை செய்யவில்லை" என்று புகார் வந்தால் முதலில் மேலே இருக்கும் விதிகளில் இந்த டிக்கைத் தேடுங்கள். இன்னொன்று: வைரஸ் சோதனை முடிந்த பிறகும், பொதுவான ஸ்பேம் மதிப்பீட்டுக்கு முன்பும் இந்த விதிகள் ஓடுகின்றன. ஆகவே வைரஸ் என்று பிடிபட்டதை விதி போட்டு மீட்க முடியாது. உறுதியான ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் திருடும் மெயில்) என்று முத்திரை குத்தப்பட்டதும் அப்படித்தான். ஸ்பேம் மதிப்பெண்ணை மைனஸ் 1 ஆக்கி 'விட்டுவிடு' என்று எழுதினாலும், சந்தேக மெயிலைத் தனியே நிறுத்தி வைக்கும் குவாரன்டைனுக்கே போகும். இது குறை இல்லை, நல்ல பிடிவாதம்.

எல்லைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்துக்கு 300 விதிகள். ஒரு விதிக்கு 8 கிலோபைட். எல்லா விதிகளிலும் உள்ள வடிவக் கோவைகள், அதாவது தேட வேண்டிய எழுத்து வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், சேர்ந்து 20 கிலோபைட். 300 விதி யாருக்கும் தேவைப்படாது. முட்டுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். பத்துப் பன்னிரண்டு எழுத்துச் சொற்களாக வைத்துக் கணக்குப் போட்டால், நிபந்தனைகளும் அறிவிப்பு வாசகமும் பிடிக்கும் இடம் போக, ஒரு விதியில் சில நூறு சொற்களுக்கு மேல் தாங்காது. ஆயிரம் கெட்ட வார்த்தைப் பட்டியலை இணையத்தில் இருந்து இறக்கி அப்படியே ஒட்டலாம் என்ற திட்டம் இங்கேயே முடிந்துவிடும். முடியட்டும், அது நல்ல திட்டமும் இல்லை.

சொல்லா, வடிவமா

சொல் தேட இரண்டு வகை நிபந்தனைகள் உண்டு. 'இந்தச் சொற்களில் ஏதேனும் உள்ளது' என்பது முழுச்சொல் பொருத்தம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. ஒரு சொல்லோ தொடரோ 128 எழுத்துக்குள் இருக்க வேண்டும். 'இந்த வடிவங்களுடன் பொருந்துகிறது' என்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன், சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடிக்கும்.

ஆங்கிலச் சொற்களுக்கு முதல் வகையே போதும். இரண்டாவதைக் கண்மூடிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு: 'ஸ்பெஷலிஸ்ட்' என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டுக்குள் 'சியாலிஸ்' என்ற மருந்தின் பெயர் முழுசாக ஒளிந்திருக்கிறது. மருந்து ஸ்பேமைத் தடுக்கப் போட்ட வடிவம், ஸ்பெஷலிஸ்ட் வேலைக்கு வரும் விண்ணப்பங்களை எல்லாம் விழுங்கும். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் கணக்குத் தொடங்க முடியாமல் போனதும் இதே வகைதான். ஊர்ப் பெயருக்குள் ஒரு வசைச்சொல் இருந்தது.

தமிழில் நிலைமை தலைகீழ். 'வங்கி' என்று முழுச்சொல் பட்டியலில் போட்டால் 'வங்கியில்', 'வங்கிக்கு', 'வங்கிக்கணக்கு' எதுவும் சிக்காது. வேற்றுமை உருபும் சந்தியும் ஒட்டிக்கொள்ளும் மொழியில் முழுச்சொல் பொருத்தம் கிட்டத்தட்டப் பயனற்றது. தமிழ்ச் சொற்களை வடிவ நிபந்தனையில் போடுங்கள், அதுவும் மாறாத அடிப்பகுதியை மட்டும். 'பணம்' என்று போடாமல் 'பண' வரை வெட்டினால் 'பணத்தை', 'பணமாக' எல்லாம் வரும். கூடவே 'பணி', 'பணியாளர்' எல்லாம் வந்து விழும், ஏனென்றால் கணினிக்கு 'ணி' என்பது 'ண' என்ற எழுத்தும் அதைத் தொடரும் இகரக் குறியும்தான். எனவே 'பணம்', 'பணத்த', 'பணமா' என்று மூன்று வடிவமாக, நடுவே செங்குத்துக் கோடு ( | ) போட்டுப் பிரித்து எழுதுவதே நல்லது.

தமிழுக்கே உரிய இன்னொரு பொறி: 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுத்து எழுத்தாக ஒப்பிடும் வடிவத் தேடலுக்கு வேறு வேறு. 'கோ', 'கௌ' வரிசைக்கும் இதே கதை. 'கொடுப்பனவு', 'கோரிக்கை', 'மோசடி' போன்ற சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் பட்டியலில் வைத்துவிடுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு இணைப்பாக வந்தால் அதில் இருப்பது யூனிகோடு தமிழே அல்ல, எந்தத் தமிழ்ச் சொல் பட்டியலும் அதைத் தொடாது.

வடிவம் எழுதும்போது செய்யும் பிழைகளில் முதலிடம் புள்ளிக்குத்தான். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் புள்ளி என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து'. டொமைன் பெயரில் வரும் புள்ளிக்கு முன் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். அடுத்தது, முகவரியின் கடைசியில் $ குறி. அது இல்லாவிட்டால் 'டாட் காம்' என்று முடியும் உங்கள் சப்ளையரின் டொமைனோடு, அதற்குப் பின்னால் வேறு எதையோ ஒட்டிக்கொண்ட போலி டொமைனும் பொருந்திவிடும். தடை விதியில் இது சின்னப் பிழை. 'இவர்களை விட்டுவிடு' என்ற விதியில் இது திறந்து வைத்த வாசல்.

அனுப்புநரைப் பெயர் சொல்லித் தடுக்க விதியே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பக்கமான டிஃபெண்டர் போர்ட்டலில் 'டெனன்ட் அலௌ பிளாக் லிஸ்ட்' (நிறுவனத்தின் அனுமதி, தடைப் பட்டியல்) இருக்கிறது, அதில் போடுங்கள். தடைப் பதிவு இயல்பாக 30 நாளில் காலாவதியாகும். வேண்டுமானால் 'காலாவதி இல்லை' என்று மாற்றலாம். அங்கே தடுத்த முகவரிக்கு உங்கள் ஆட்களும் மெயில் அனுப்ப முடியாது, 5.7.703 என்ற பிழையோடு திரும்பி வரும். இது தெரியாமல் ஒரு சப்ளையரை அவசரத்தில் தடுத்துவிட்டு, பர்ச்சேஸ் பிரிவு ஏன் அவருக்குப் பதில் போட முடியவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவது வழக்கமாக நடப்பது.

பட்டியல் எங்கே வாழ்கிறது

இந்தத் தயாரிப்பின் மிகப் பெரிய குறை இங்கேதான். சொற்பட்டியல் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. சொற்கள் விதிக்குள் புதைந்து கிடக்கின்றன. உள்வரும் மெயிலுக்கும் வெளிச்செல்லும் மெயிலுக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் இரண்டு விதியிலும் இரண்டு தடவை போட வேண்டும். ஒன்றில் திருத்தி இன்னொன்றை மறப்பது நிச்சயம். திரையில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டி 'ஆட்' பொத்தானை அழுத்த வேண்டும். அறுபது சொல்லுக்கு அறுபது தடவை. எந்தச் சொல்லை யார், எப்போது, ஏன் சேர்த்தார் என்று குறித்து வைக்க இடமில்லை. விதிக்கு மொத்தமாக ஒரு குறிப்புக் கட்டம் இருக்கிறது, அவ்வளவே.

கட்டளைகளைத் தட்டி இயக்கும் பவர்ஷெல் வழியாக ஒரு டெக்ஸ்ட் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றலாம், அது வேகம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஏற்கெனவே உள்ள விதிக்குப் புதுச் சொற்களைக் கொடுத்தால் அவை பழையவற்றோடு சேராது, பழையதை அழித்துவிட்டு உட்காரும். நாலு புதுச் சொல் சேர்க்கப் போய், நானூறு சொல் இருந்த விதியில் நாலு மட்டும் மிஞ்சும். பிழைச்செய்தி எதுவும் வராது, கட்டளை வெற்றிகரமாக முடிந்தது போலவே இருக்கும். இருக்கும் பட்டியலை முதலில் எடுத்து, புதியதைச் சேர்த்து, முழுப் பட்டியலாகத் திருப்பி எழுதுவதுதான் முறை. எல்லா விதிகளையும் எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. மாதம் ஒரு தடவை எடுத்து வையுங்கள். திரும்ப இறக்குமதி செய்தால் இருக்கிற விதிகள் எல்லாம் போய்க் கோப்பில் உள்ளவை மட்டும் நிற்கும், ஒரு விதியை மட்டும் மீட்க அது உதவாது.

ஆகவே உண்மையான பட்டியல் ஓர் எக்செல் தாளில் வாழட்டும், விதியில் இருப்பது அதன் நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் ஆறு பத்தி போதும்: சொல், முழுச்சொல்லா வடிவமா, எந்த விதி, யார் கேட்டது, சேர்த்த தேதி, மறுபார்வைத் தேதி. கடைசிப் பத்திதான் முக்கியம். சொற்பட்டியல் எப்போதும் வளரும், யாரும் எடுப்பதில்லை. 2020-இல் கொரோனா மோசடி மெயிலுக்காகப் போட்ட சொற்கள் இன்னும் பல பட்டியல்களில் கிடந்து மருத்துவக் காப்பீட்டு மெயில்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் ஒரு உண்மையான மெயிலையும் பிடிக்காத சொல் வெளியே போகட்டும்.

ஒரு விதி, கிட்டத்தில்

பில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் மோசடியை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவுக்கு, பழக்கமான சப்ளையர் எழுதியது போலவே "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இந்த எண்ணுக்குப் போடவும்" என்று வரும். இதில் வைரஸ் இல்லை, லிங்க் இல்லை. ஸ்பேம் வடிகட்டிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. சொல் விதி உதவுவது இங்கேதான்.

நிபந்தனைகள் மூன்று. அனுப்பியவர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர். பெறுபவர் கணக்குப் பிரிவுக் குழுவின் உறுப்பினர். பொருள் அல்லது உடல் இந்த வடிவங்களோடு பொருந்துகிறது: 'புதிய வங்கிக்', 'கணக்கு மாறி', 'கணக்கு எண் மாறி', 'கணக்கு மாற்ற', இவற்றோடு ஆங்கிலத்தில் 'பேங்க் டீடெயில்ஸ்', 'அப்டேட்டட் அக்கவுண்ட்', 'நியூ பெனிஃபிஷியரி' போன்ற தொடர்கள். ஒற்றைச் சொல்லாக 'பேங்க்' மட்டும் போட்டால் கணக்குப் பிரிவின் முழு மெயிலும் சிக்கும். இரண்டு சொல் தொடர்தான் அளவு. இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு இடைவெளி என்று நம்பாதீர்கள், ஒட்டி எடுத்த மெயில்களில் இரட்டை இடைவெளியும் வரி முறிவும் வரும். இடைவெளிக்குரிய வடிவக் குறியீட்டைப் போட்டு 'ஒன்று அல்லது அதற்கு மேல்' என்று எழுதிவிடுங்கள்.

செயல்: மறுக்காதீர்கள், அழிக்காதீர்கள். சப்ளையர் உண்மையிலேயே வங்கி மாறியிருக்கலாம். பொருள் வரியின் முன்னால் "[கணக்கு மாற்றம்: போனில் கேட்டு உறுதிசெய்க]" என்று சேர்க்கவும். உடலின் மேல் பகுதியில் ஒரு எச்சரிக்கைப் பட்டை போடவும், அதற்கு 5000 எழுத்து வரை இடம் உண்டு, இரண்டு வரி போதும். மேற்பார்வையாளருக்கு, சிக்கிய மெயிலின் விவரம் சொல்லும் இன்சிடென்ட் ரிப்போர்ட் போகட்டும்.

விதிவிலக்கில் என்ன போடுவது என்று கேட்டால், தெரிந்த சப்ளையர்களைப் போடவே கூடாது. இந்த மோசடி பெரும்பாலும் அந்தச் சப்ளையரின் திருடப்பட்ட மெயில் பெட்டியிலிருந்தே வரும். நம்பிக்கையானவர் என்று விலக்கிய அன்றே விதி செத்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு வேண்டும், அதுவும் பொருள் வரியை மாற்றும் செயலுக்கு மட்டும். பதிலுக்குப் பதில் போய்வரும்போது அதே முன்னொட்டு நாலைந்து தடவை அடுக்கிக்கொண்டு நிற்கும் என்பதால், 'பொருள் வரியில் ஏற்கெனவே இந்த முன்னொட்டு இருந்தால்' என்று விலக்க வேண்டியிருக்கிறது. எனவே விதியை இரண்டாகப் பிரியுங்கள். முன்னொட்டு போடும் விதி விலக்கோடு, பட்டையும் ரிப்போர்ட்டும் போடும் விதி விலக்கில்லாமல். இல்லையென்றால் திருடனே அந்த முன்னொட்டைப் பொருள் வரியில் எழுதி அனுப்பி உங்கள் பட்டையைத் தப்பிக்கலாம். தன் மெயிலுக்குத் தானே எச்சரிக்கை எழுதும் திருடன் அபூர்வம்தான், ஆனால் வாசலைத் திறந்து வைப்பானேன்.

பட்டை ஒட்ட முடியாத மெயிலுக்கு என்ன செய்வது என்று விதி கேட்கும்: சுற்றிக் கட்டு, கண்டுகொள்ளாதே, மறு. 'சுற்றிக் கட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூல மெயில் இணைப்பாக உள்ளே இருக்கும், எச்சரிக்கை வெளியே தெரியும். பொருள் வரியையும் உடலையும் மாற்றினால் அனுப்பிய டொமைனை உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பம் பொருந்தாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மெயில் உங்களிடமே தங்கினால் பரவாயில்லை. தானாக வெளி முகவரிக்கு ஃபார்வர்ட் ஆகும் பெட்டி என்றால் அடுத்த சர்வரில் சிக்கல்.

சேமித்த பிறகு எல்லோரும் விழும் குழி: புது விதி இயல்பாக முடக்கப்பட்ட நிலையில்தான் உருவாகும். பட்டியலுக்குத் திரும்பி, விதியைச் சொடுக்கி, சுவிட்சைத் தள்ள வேண்டும். அதன்பின் நடைமுறைக்கு வர 30 நிமிடம் வரை ஆகலாம். தள்ளிய கையோடு சோதித்துப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று மாற்றி மாற்றி எழுதினால் எந்தத் திருத்தம் பலித்தது என்று கடைசியில் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து சோதிக்கவும்.

நேரடியாக அமல்படுத்தாமல், 'பாலிசி டிப் இல்லாத சோதனை' (பயனருக்கு எச்சரிக்கைக் குறிப்பு எதுவும் காட்டாத சோதனை) என்ற முறையில் ஒரு வாரம் ஓட விடுங்கள். அந்த முறையில் மெயிலுக்கு எதுவும் ஆகாது, இன்சிடென்ட் ரிப்போர்ட் மட்டும் வரும். ரிப்போர்ட்டுகளுக்கென்று ஒரு பொதுப் பெட்டி வைத்து, வார முடிவில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் தப்பு என்றால் தொடரை இன்னும் நீளமாக்க வேண்டும். மாதக் கடைசியும் மார்ச் கடைசியும் கணக்குப் பிரிவு மெயிலின் குணமே மாறும், சோதனை வாரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

அறிவிப்புகள்

விதி ஒரு மெயிலைத் தடுத்தால் யாருக்குச் சொல்வது? அனுப்பியவர், பெறுபவர், அட்மின் என்று மூன்று பேர். மூவருக்கும் தனித்தனிச் செயல் இருக்கிறது, மூன்றையும் ஒரே விதியில் போட்டுவிடும் ஆசையும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பியவருக்குச் சொல்வது 'விளக்கத்தோடு மறு' என்ற செயல். இயல்பான நிலைக் குறியீடு 5.7.1. உங்களுக்கென்று தனி எண் வேண்டுமானால் 5.7.900 முதல் 5.7.999 வரை எடுத்துக்கொள்ளலாம். விதிக்கு ஒரு எண் கொடுத்துவிட்டால், யாராவது "மெயில் திரும்பி வந்துவிட்டது" என்று போன் செய்யும்போது அந்த எண்ணைக் கேட்டாலே எந்த விதி என்று தெரிந்துவிடும். இதைப் பலர் பயன்படுத்துவதில்லை, ஆனால் வேலையைப் பாதியாக்கும் வசதி. விளக்க வாசகம் 1024 எழுத்து வரை. அதில் எந்தச் சொல்லால் சிக்கியது என்று எழுதாதீர்கள், அனுப்பியவர் அந்தச் சொல்லை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புவார். எண்ணும் தொடர்பு வழியும் போதும். வெளியாருக்குப் போகும் இந்த வாசகம் எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும். சர்வர்கள் மெயில் பரிமாறும் எஸ்எம்டிபி முறையின் பதில் வரி ஆங்கில எழுத்துகளை வைத்தே உருவானது, தமிழில் எழுதினால் வழியில் சிதைய வாய்ப்பு அதிகம்.

இதைவிடப் பெரிய விஷயம்: வெளியிலிருந்து வரும் குப்பை மெயிலுக்கு மறுப்பு அனுப்பவே கூடாது. விதி ஓடும்போது மெயிலை உங்கள் சர்வர் வாங்கி முடித்திருக்கும். மறுப்பு என்பது அதன்பின் புதிதாக எழுதி, அனுப்புநர் என்று சொல்லிக்கொண்ட முகவரிக்கு அனுப்பும் கடிதம். ஸ்பேமில் அந்த முகவரி பெரும்பாலும் யாரோ ஒரு அப்பாவியுடையது. உங்கள் டொமைனிலிருந்து சம்பந்தமில்லாதவர்களுக்குத் திரும்பல் கடிதங்கள் கொட்டும், கொஞ்ச நாளில் உங்கள் டொமைனே தடைப்பட்டியலுக்குப் போகலாம். மறுப்பு உங்கள் ஊழியர்கள் வெளியே அனுப்பும் மெயிலுக்கு. வெளியிலிருந்து வருவதற்குக் குவாரன்டைன்.

பெறுபவருக்குச் சொல்லும் செயலில் 5120 எழுத்து வரை எழுதலாம், எச்டிஎம்எல் ஏற்கும். அனுப்பியவர், பொருள், தேதி போன்றவற்றைத் தானாக நிரப்ப, அவற்றின் ஆங்கிலப் பெயரை இரண்டிரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். ஒரு பக்கம் ஒரு குறி குறைந்தாலும் அந்தப் பெயர் அப்படியே அச்சாகி வந்து நிற்கும். பெறுபவர் உங்கள் ஆள்தான் என்பதால் இங்கே தமிழில் தாராளமாக எழுதலாம்:

"உங்களுக்கு வந்த ஒரு மெயில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அனுப்பியவர், பொருள் விவரம் கீழே. காரணம்: கடவுச்சொல் பூட்டிய இணைப்பு (விதி 14). எதிர்பார்த்த மெயில் என்றால் ஐ.டி. பிரிவை உள் எண் 212-இல் அழைத்து விதி எண்ணைச் சொல்லவும். 30 நாளில் தானாக நீங்கிவிடும்."

என்ன நடந்தது, ஏன், என்ன செய்யலாம், எப்போதுக்குள். இந்த நான்கும் இருந்தால் போதும். "உங்கள் நிறுவனப் பாதுகாப்புக் கொள்கையின்படி" என்று தொடங்கும் அறிவிப்பை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. அந்த 30 நாள் வெறும் பேச்சில்லை. விதி வழியாகக் குவாரன்டைனுக்குப் போன மெயிலின் ஆயுள் அதுதான், மாற்ற முடியாது.

அட்மினுக்கு இன்சிடென்ட் ரிப்போர்ட். எந்தெந்த விவரம் வேண்டும் என்று டிக் செய்யலாம்: அனுப்பியவர், பெறுபவர்கள், பொருள், பொருந்திய விதி, தீவிரம் இப்படி. 'மூல மெயிலை இணை' என்பதை யோசிக்காமல் டிக் செய்யாதீர்கள். சம்பளத் தாள் வெளியே போகக் கூடாது என்று போட்ட விதி, அதே சம்பளத் தாளை ஐ.டி. பொதுப் பெட்டிக்கு நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

சுழற்சி ஆபத்தும் உண்டு. வெளிச்செல்லும் மெயிலில் சொல் விதி, அதில் மறுப்புச் செயல் என்று வையுங்கள். வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் உங்கள் டிக்கெட் மென்பொருள் அவர் எழுதியதை மேற்கோள் காட்டித் தானியங்கிப் பதில் அனுப்பும், மேற்கோளில் அந்தச் சொல் இருக்கும், விதி மறுக்கும், மறுப்பு டிக்கெட் பெட்டிக்கு வரும், அது புது டிக்கெட் ஆகும், அதற்கும் தானியங்கிப் பதில். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள், அனுப்புநர் காலியாக உள்ள திரும்பல் கடிதங்களுக்குப் பதில் போடாது. 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணம் தானியங்கிப் பதில்களுக்கென்று ஒரு தலைப்புக் குறியையே வகுத்திருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் ஒழுங்கில்லை. மறுப்பு, அறிவிப்பு உள்ள எல்லா விதியிலும் 'மெயில் வகை தானியங்கிப் பதில்' என்ற விதிவிலக்கைச் சேர்த்துவிடுங்கள், டிக்கெட் பெட்டியின் முகவரியையும்.

ஸ்பேம் குவாரன்டைனுக்கு வேறு வகை அறிவிப்பு. பயனருக்கு அவருடைய நிறுத்தப்பட்ட மெயில்களைத் தொகுத்து, 4 மணி நேரத்துக்கு ஒரு முறையோ, தினமோ, வாரமோ அனுப்பலாம். "எங்களுக்கு அந்த மெயிலே வருவதில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புகார். காரணம், கூடவே வரும் மூன்று ஆயத்தக் குவாரன்டைன் கொள்கைகளில் ஒன்றில் மட்டும்தான் அறிவிப்பு இயக்கப்பட்டிருக்கிறது. ஸ்பேம் கொள்கையில் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சொல் விதியில் சிக்கும் மெயிலும் இந்தத் தொகுப்பில் வர வேண்டுமா? நேரே குவாரன்டைன் செயலைப் போடாமல் ஸ்பேம் மதிப்பெண்ணை 9 ஆக்குங்கள். மெயில் ஸ்பேம் கொள்கையின் கைக்குப் போய், அந்தக் கொள்கை ஸ்பேமைக் குவாரன்டைனுக்கு அனுப்பும்படி இருந்தால், அங்குள்ள அறிவிப்பு, விடுவிப்பு உரிமை எல்லாம் தானாகப் பொருந்தும்.

விதிக்குத் தெரியாதவை

படத்துக்குள் இருக்கும் எழுத்தை விதி படிக்காது. ஸ்கேன் செய்த கடிதம், போஸ்டர் ஸ்பேம் எல்லாம் தப்பும். எஸ்மைம் என்ற மறையாக்க முறையில் பூட்டிய மெயிலின் உள்ளடக்கம் தெரியாது. இணைப்புகளில் இருந்து எடுத்த எழுத்தில் முதல் 1 மெகாபைட் மட்டும் சோதிக்கப்படும். கடவுச்சொல் பூட்டிய ஜிப் உள்ளே என்ன என்று தெரியாது, ஆனால் 'பூட்டியிருக்கிறது' என்பதையே நிபந்தனையாக வைக்கலாம். அது சொற்பட்டியலைவிட உருப்படியான விதி.

விட்டுப்போன இன்னொன்று எண்ணிக்கை. ஒரு சொல் ஒரு தடவை வந்தாலும் இருபது தடவை வந்தாலும் இந்த விதிக்கு ஒன்றே. ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, மொத்தம் 5 தாண்டினால்தான் ஸ்பேம் என்று வைக்கலாம். 'இலவசம்' மட்டும் 0.5, 'லாட்டரி'யும் சேர்ந்தால் 3 என்ற நுணுக்கம் இங்கே கிடையாது. கூகுள் வொர்க்ஸ்பேஸின் உள்ளடக்க விதியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறைந்தது எத்தனை தடவை பொருந்த வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் ஒரு விதிக்குப் பத்துக் கோவைதான். மைக்ரோசாஃப்டிலேயே பர்வ்யூ என்ற தகவல் பாதுகாப்புப் பகுதியின் பக்கம் போனால் சொல் அகராதியைக் கோப்பாக ஏற்றலாம், எண்ணிக்கையும் வைக்கலாம். அதற்கு மேல்நிலை உரிமம் வேண்டும், பிசினஸ் பேசிக் வைத்திருப்பவருக்கு எட்டாது.

இருபது முதல் இருநூறு பெட்டி வரை உள்ள அலுவலகம், ஐம்பது அறுபது சொல், ஏழெட்டு விதி என்றால் இதுவே போதும், வெளியில் தனி வடிகட்டி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். நூற்றுக்கணக்கான சொற்களை வாரவாரம் மாற்ற வேண்டிய இடத்தில், குறிப்பாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து பட்டியலைப் பார்க்கும் இடத்தில், பவர்ஷெல் தெரிந்த ஒருவர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

விதி ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று பார்க்க 'மெசேஜ் டிரேஸ்' இருக்கிறது. கடைசி 90 நாள் மெயிலைத் தேடலாம், ஒரு தேடலில் 10 நாள் வரை உடனே திரையில் வரும். மெயிலைத் திறந்து நிகழ்வுகளைப் பார்த்தால் எந்த விதி தொட்டது என்று விதியின் பெயரோடு இருக்கும். விதிக்கு 'டெஸ்ட் 2 புதுசு' என்று பெயர் வைத்திருந்தால் அங்கே போய் நின்று விழிக்க வேண்டியதுதான். '14 உள்வரவு பூட்டிய இணைப்பு குவாரன்டைன்' என்று எண், திசை, காரணம், செயல் நான்கையும் பெயரிலேயே வையுங்கள்.